கறுப்பு எனக்கு நல்லாப் பொருந்தும்

இல்லம்மா, துடைக்க வேணாம், இருக்கட்டும். நானாத்தானே துணியை நனைச்சு மணிக்கட்டுல சுத்திப் பாத்தேன், உன்மேல என்ன தப்பு? ஆனா பாரு, எப்படி இறங்குது சாயம்! இந்தக் கிரேப் துக்கத் துணியைப் போட்டுக்கிட்டு ஒரு விதவை உங்க யார்க் ஊர் மழையில நாலு தெரு நடந்தான்னு வையி, வீட்டுக்குப் போய்க் கழட்டினா அவ தோலும் சேந்து துக்கம் அனுசரிச்சிட்டிருக்கும். சிரிக்கிறியா? சிரி, சிரி. நம்மளை மாதிரி கடையில சிரிக்கக் கூடாதுதான், ஆனா உங்க மேனேஜரம்மா அந்தக் கோடியில கையுறை அடுக்கிட்டிருக்காங்க, பாக்கலை.

நம்மளை மாதிரி கடைன்னா சொன்னேன்? சரி, வாயை விட்டாச்சு. ஆமா, எனக்கும் இதே தொழில்தான். ஹாலிஃபாக்ஸ்ல. சாவு விழுந்தா அங்க முதல்ல டாக்டரை அனுப்பிட்டு அடுத்தது எங்க கடைக்குத்தான் ஆள் அனுப்புவாங்க. சேச்சே, வேவு பாக்க வரலை. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வெள்ளைத் தொப்பி. விதவைங்க வைக்கிறது. நெத்தியில கூரா இறங்கி, பின்னால ரெண்டு நாடா தொங்குமே, அது.

சொந்தக் கடையிலேயே எடுத்துக்கலாமேன்னு கேக்கற. நல்ல கேள்வி. பதில் சொல்றேன். நீ முதல்ல கேட்டதுக்கும் சொல்றேன், யாருக்கு, செத்தவருக்கு அவங்க என்ன உறவுன்னு கேட்டியே. நான் வந்து அரை மணி நேரமா அதுலேருந்து நழுவிட்டே இருக்கேன், உனக்கே தெரிஞ்சிருக்கும். அந்தக் கேள்வியை எங்க கடைப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். குரலை இறக்கி, தலையைக் கொஞ்சம் சாச்சு, என்ன உறவுங்கம்மான்னு கேக்கணும். நீ நல்லாத்தான் கேட்ட. தலையை மட்டும் இன்னும் ஒரு இழை சாய்க்கலாம்.

உறவு தெரிஞ்சாத்தானே எத்தனை கஜம்னு தெரியும். புருஷன் போனா ரெண்டு வருஷம், கழுத்துலேருந்து கால் வரைக்கும், கூட இந்தத் தொப்பி. அப்பா அம்மான்னா ஒரு வருஷம். கூடப் பொறந்தவங்கன்னா ஆறு மாசம். அக்கா புருஷன், தங்கச்சி புருஷன்னா ஆறு வாரம். அப்படியே சரிஞ்சு சரிஞ்சு, தூரத்துச் சொந்தம்னா ஒரு கறுப்பு ரிப்பன்லயே அழுது முடிச்சிடலாம். எவன் வகுத்தானோ, எனக்குத் தெரியாது. ஆனா எங்க ஊர்ல சந்தேகம்னு ஒண்ணு வந்தா, மிஸ் சக்டனைக் கேளுன்னுதான் சொல்லுவாங்க. ஆமா, மிஸ்தான். இந்த வயசுலயும்.

போன வாரம்கூட ஒரு பெரிய சாவு. சவப்பெட்டிக்காரர் பாட்டம்லி தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. எந்த வண்டியில யார் ஏறணும், நீங்கதான் சொல்லணும் மிஸ் சக்டன்னாரு. நான் யோசிக்கக்கூட இல்லை. மக, மருமகன் முதல் வண்டி. சம்பந்திங்க ரெண்டு பேரும் ரெண்டாவது. மூணாவதுல ஹல் ஊர்லேருந்து வந்த ஒண்ணுவிட்ட அண்ணன், அவரோட மூட்டுவலி, அப்புறம் அந்த வீட்டோட இருந்த ஒரு பொம்பளை. கல்லறை வரைக்கும் அந்த மனுஷன் மத்தி மீன் விலையைப் பத்தியே பேசிட்டு வந்தாராம். பாட்டம்லி என் கையைப் பிடிச்சு, ஒரு பிசிறு இல்லை மிஸ் சக்டன்னாரு. எனக்கு ஒரே பெருமை. அப்படி ஒரு கழுதை நான்.

நீ நிக்கிறியே, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. வாடிக்கைக்காரிதானே சொல்றேன், யார் என்ன கேக்கப்போறாங்க? அந்தத் தொப்பிப் பெட்டியையும் இப்படித் தள்ளி வை, பாத்துட்டே பேசறேன்.

எங்கப்பா ஈனாக் சக்டன் இந்த வியாபாரத்தை ஆரம்பிச்சப்போ எங்ககிட்ட எல்லாம் இருந்தது, நல்ல கறுப்பு மட்டும் இல்லை. நாங்க வித்த கறுப்பு ஒரே வருஷத்துல பச்சையடிக்கும். துக்கம் பாதியில இருக்கறப்பவே துணி வசந்தகாலத்துக்குப் போயிடும். பாதிரியார் பொண்டாட்டியே வந்து சண்டை போட்டா. அப்பதான் அப்பா ஹோல்ராய்டு சாயப்பட்டறையைப் பாத்தாரு. அவங்க கறுப்பு, அதை என்னன்னு சொல்ல, நனைச்சாலும் இறங்காது, வெயில்ல போட்டாலும் வெளுக்காது. பெரிய ஹோல்ராய்டுக்கு ஒரே பையன், ஜேபஸ். எங்கப்பாவுக்கு ரெண்டு பொண்ணு. கணக்கு உனக்கே புரியும்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்பனும் பையனும் வந்தாங்க. ஆட்டுக்கறி ரோஸ்ட்டு. அந்தப் பையனுக்கு நகமெல்லாம் கறுப்பு, என்ன தேச்சும் போகாது, மேஜைக்கடியிலேயே கையை ஒளிச்சு வச்சிருந்தாரு. உருளைக்கிழங்கு வேணுமான்னு கேட்டா, வேணாம்ங்கறாரு. அப்புறம்தான் புரிஞ்சுது, தட்டை வாங்கினா விரல் தெரியுமேன்னு வெக்கம். நானே எடுத்துப் போட்டேன். ரெண்டு. அப்புறம் இன்னும் ரெண்டு. எங்க அக்கா செலினா என் காலை மிதிச்சா. ஏன்டி, சந்தைக்கு மாட்டைக் கொழுக்க வைக்கற மாதிரி தீனி போடறன்னு காதுல சொன்னா.

சாப்பிட்டு முடிச்சதும் எங்கப்பா ஒரு வேலை பண்ணினாரு பாரு. வேற எந்த வீட்டுலயும் நடந்திருக்காது. ஹோல்ராய்டு கொண்டுவந்த கறுப்புத் துணியைப் பிரிச்சு, எங்க ரெண்டு பேர் தோள்லயும் போட்டு, விளக்கைத் தூக்கிப் பிடிச்சாரு. செலினாவுக்குக் கறுப்பு ஆகவே ஆகாது. மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி ஆயிடுவா. எனக்கோ, நானே சொல்றேன்னு நினைக்காத, அப்படியே மெழுகுவத்தி ஏத்தின மாதிரி இருந்தது. அந்தப் பையன் கையை மேஜைக்கு மேல எடுத்துட்டாரு, மறந்துபோய்.

எங்கப்பா சொன்னாரு, தபிதா கடைக்கு. இவளைக் கறுப்புல பாத்தா எந்தப் பொம்பளைக்கும் விதவையாகறது அவ்வளவு மோசம் இல்லைன்னு தோணும். கடையில நிக்கறவ இவதான். செலினா கறுப்புப் போட்டா வியாபாரம் படுத்துரும், அவளைக் கட்டிக் குடுத்துடலாம்.

நான் என்ன பண்ணினேன்ங்கற? சந்தோஷப்பட்டேம்மா! ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அக்காவைப் பாத்து மூக்கைக்கூட சுளிச்சேன். பரிசு எது, மிச்சம் எதுன்னு தெரியாமயே பந்தயத்துல ஜெயிச்ச ஆளு உலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன்.

செலினாவுக்கும் ஜேபஸுக்கும் கல்யாணம் ஆச்சு. அப்புறம் நம்ம ராணியோட புருஷன் போனாரே, அந்த வருஷம். நாடே கறுப்பைத் தேடுது. எங்கப்பா கண்ணைத் தொடச்சுக்கிட்டே பட்டறைக்கு ஆள் விட்டாரு. பாவம், நல்ல மனுஷன், பாவம், நல்ல மனுஷன்னு சொல்லிக்கிட்டே கஜக்கோலைத் தேடறாரு. உங்க கடையும் அந்த வருஷம் தழைச்சதுதானே? ஆமா, எல்லாரும் அதுல தழைச்சவங்கதான்.

கடையும் பட்டறையும் ஒண்ணாச்சு. புதுசா ஒரு தொட்டி சாயம் காய்ச்சி இறக்கினா, ஜேபஸ் ஒரு துண்டுத் துணியைக் கிழிச்சு எடுத்துட்டு வருவாரு. ஈரத்தோட என் மணிக்கட்டுல சுத்தி முடிச்சுப் போடுவாரு. டீ ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அப்புறம் அவிழ்த்துப் பாப்பாரு. கறை இல்லைன்னா, சரி, விக்கலாம்பாரு. இத்தனை வருஷத்துல என் மணிக்கட்டுல ஒரு சொட்டுக் கறை பட்டதில்லை. இன்னைக்குத்தான், உங்க கடைத் துணியில.

செலினா ரொம்ப நாள் இருக்கலைம்மா. ஐடான்னு ஒரு பொண்ணைப் பெத்துட்டு, நெஞ்சுச்சளியில போயிட்டா. கடைசி வரைக்கும் வாய் அடங்கலை. செத்தும் உனக்கு வியாபாரம் பண்ணிக் குடுக்கறேன்டி தபிதா, நீதான் நல்லாயிருப்பியே இதுலன்னா. ஆறு மாசம் அவளுக்காகப் போட்டேன். அவ சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருந்தேன். ஊர்ல பாதிப் பேர் அதே மாதிரி தைக்கச் சொல்லி வந்தாங்க.

குழந்தையைப் பாத்துக்க நான் அந்த வீட்டுக்கே போயிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. சொல்ல என்ன இருக்கு? பொண்டாட்டி போனாலும் அவ தங்கச்சி தனக்கும் தங்கச்சிதான், கட்டிக்கக் கூடாதுன்னு நம்ம சட்டம் சொல்லுதே. அந்தச் சட்டம் இருக்கிறதாலதான் நான் அந்த வீட்டுல கௌரவமா இருக்க முடிஞ்சுது. அதே சட்டத்தாலதான்... சரி, அதை விடு.

வருஷா வருஷம் அதை மாத்தணும்னு பார்லிமெண்ட்ல யாராவது மசோதா கொண்டுவருவாங்க. வருஷா வருஷம் மேல்சபையில பிஷப்புங்க கூடி அடிச்சுப் போடுவாங்க. ஜேபஸ் காலையில பேப்பரை விரிப்பாரு. நான் முட்டையை உடைச்சிட்டிருப்பேன். இந்த வருஷமும் விழுந்துடுச்சு தபிதாம்பாரு. அப்படியா, அந்த மார்மலேடு ஜாமை இப்படித் தள்ளுங்கம்பேன். அவ்வளவுதான். எங்களுக்குள்ள நடந்த பேச்சு மொத்தமே அவ்வளவுதான்.

இல்லை, ஒரு தடவை இன்னும் கொஞ்சம் பேசினாரு. பொய் சொல்லக் கூடாது. ஸ்விட்சர்லாந்துல இந்தத் தடையெல்லாம் கிடையாதாம், நம்ம ஆளுங்களே சிலபேர் அங்க போய்ப் பண்ணிக்கிட்டு வராங்களாம், மலையெல்லாம் நல்லாயிருக்குமாம்னாரு. சட்டைக் காலர் பொத்தானைத் திருகிக்கிட்டே சொன்னாரு. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கற? நவம்பர் மாசம், இன்ஃப்ளூயன்சா பரவுற நேரம், கடையைப் போட்டுட்டு எப்படிப் போறதுன்னேன்!

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வரும். அப்படிப் பண்ணிக்கிட்டு வந்தாலும் இங்க செல்லாது, ஐடாவை எந்த வீட்டுல எடுப்பாங்க, துக்கத்துக்குத் துணி வாங்க வரவங்க முதல்ல பாக்கறதே கடைக்காரங்க ஒழுக்கத்தைத்தானே, அதெல்லாம் நிஜம். ஆனா அதெல்லாம் நான் அப்புறமா சேத்துக்கிட்ட காரணம். அந்த நிமிஷம் வாயில வந்தது இன்ஃப்ளூயன்சாதான். அவரும் ஆமாமா, சரியான சமயமில்லைன்னாரு. மறுநாள் புதுத் தொட்டின்னு சொல்லி ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தாரு. தொட்டி ஒண்ணும் புதுசில்லை. எனக்குத் தெரியும். கையை நீட்டினேன்.

உங்க மேனேஜரம்மா இந்தப் பக்கம் பாக்கறாங்க. சரி, தொப்பியைக் குடு. மஸ்லின் நல்ல மஸ்லின்தான். நாடா நீளமா இருக்கட்டும், அந்தக் குட்டை நாடா வேணாம். கண்ணாடி இருக்கா? ம். பாத்தியா, எப்படி உக்காருதுன்னு. கொஞ்சம் முன்னால இழுத்து விடு. அந்த ஊசியைக் குத்து. ஆமாம்மா, எனக்குத்தான்.

யாருன்னு கேட்டியே. எங்க அக்கா புருஷன். மூணாவது வண்டியில அந்த மத்தி மீன் பேச்சைக் கேட்டுட்டே போனது நான்தான். தெரியும்மா, தெரியும், ஆறு வாரம்தான், இந்தத் தொப்பி கிடையாது. உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அங்க சடங்கு முடிஞ்சு பன்றிக்கறியும் பிஸ்கட்டும் சாப்பிடறப்போ ஐடா பிரியமாத்தான் சொன்னா, உங்களுக்கு ஒண்ணும் புதுசா தைக்க வேணாம் சித்தி, நீங்கதான் எப்பவும் கறுப்புலயே இருக்கீங்களேன்னு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்தேன். நிஜம்தான். புதன்கிழமை இருந்த மாதிரியேதான் வெள்ளிக்கிழமையும் இருந்தேன். ஒரு மனுஷன் போயிருக்காருன்னு என்னைப் பாத்து யாரும் சொல்ல முடியாது. இந்த வெள்ளை மட்டும்தான் குறைச்சல். எங்க கடையில இந்தப் பெட்டியைத் திறந்தா நாலு பொண்ணுங்க தலையைச் சாச்சுக்கிட்டு நிக்குங்க.

பொட்டலம் கட்ட வேணாம். போட்டுக்கிட்டே போறேன். பயப்படாத, லீட்ஸ்ல வண்டி மாறணும், அங்கேயே கழட்டிப் பையில வச்சுக்குவேன். அது வரைக்கும் ஒரு மணி நேரம் இருக்கு. ரயில்ல எதிர்ல உக்காந்திருக்கற யாராவது கேப்பாங்க, அடடா, உங்க வீட்டுக்காரர் எப்ப போனாருன்னு. போன வியாழக்கிழமைன்னு சொல்லுவேன்.

கேக்கலைன்னா நானே சொல்லிடுவேன். என் வாயைத்தான் பாத்தியே.