சொல்லிக்கொள்ளாமல் போனவர்

பொம்மசந்திராவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பேர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

“நான் எழுதற ப்ளாக்ல எங்கம்மாவ சாகடிச்சுட்டேன், மச்சா.”

“கதைதானே?”

“கதைன்னு போடல. நெஜம்னு நம்பி நெறைய பேர் ஆறுதல் எழுதினாங்க. நல்லா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். ஒருத்தர் அட்ரஸ் கேட்டார். புஸ்தகம் ஏதாவது அனுப்புவார்னு குடுத்தேன். ஞாயித்துக்கெழம துக்கம் விசாரிக்க ஈஜிபுரா வீட்டுக்கே வந்துட்டார்.”

“அம்மா இருந்தாங்களா?”

“அவங்கதான் கதவத் தெறந்தாங்க. இவங்க யாருன்னு கேட்டார். பெரியம்மான்னுட்டேன்.”

“அவங்க முன்னாடியேவா?”

“முன்னாடியேதான். என்ன ஒரு பார்வ பாத்துட்டு காபி போட உள்ள போனாங்க. அவர் என் கையப் புடிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். அப்புறம் எழுந்து, வரேன்னு சொல்லிக்காமலே போயிட்டார். அம்மா காபியோட வந்து நின்னு கேட்டாங்க, ‘சாவு வீட்லேர்ந்து போற மாதிரி போறாரே, யார்றா செத்தது?’”

சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“ப்ளாக்லேர்ந்து அத எடுத்துட்டியா?”

“இல்ல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இன்னும் கமெண்ட் வந்துட்டிருக்கு.”