பச்சையாகவே இருந்த திரை

எனக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு தின்றாலும் உதடு தடித்துவிடும். அப்படிப்பட்டவன் வேப்பனப்பள்ளி ரோட்டு மாங்கூழ் ஃபேக்டரியில் ஆறு சீசன் ஓட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் அறைக்குள் பழ வாசனை வராது, அதுதான் காரணம். பெயர் அசோக்குமார், சிஸ்டம் அட்மின். மூக்கண்டப்பள்ளியிலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவன். இன்ஸ்பெக்டர் மேடம், யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகத்தான் இதை எழுதித் தருகிறேன்.

எங்களுக்கு சர்வர் ஒன்றுதான். லாரி எடைச்சீட்டு, டிரம்மில் ஒட்டும் லேபிள், குளிர் அறையின் கேஸ் அலாரம் எல்லாம் அதில்தான் ஓடும். கூழ் டிரம்களை வைக்கும் அந்த அறையை அமோனியா கேஸ் குளிர வைக்கிறது. கசிந்தால் ஆளைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்க உள்ளே ஆறு கருவிகள் உண்டு. காற்றில் கேஸ் எவ்வளவு என்று அவை காட்டும் நம்பர் குளிர் அறைத் திரையில் ஓடும். திரையில் பச்சை என்றால் வேலை பார்க்கலாம். சிவப்பு என்றால் சைரன் ஊதும், எல்லோரும் ஓட வேண்டும். சைரனும் அந்தப் புரோகிராம் சொன்னால்தான் ஊதும்.

செக்யூரிட்டி அப்டேட்டை ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். சர்வரை நிறுத்தினால் லாரி ரோட்டில் நிற்கும், பெங்களூரா மாம்பழம் வெயிலில் வெந்துபோகும். “சீசன் முடியட்டும்யா அசோக்கு, லாரிக்காரன் என் சட்டையப் பிடிக்கிறான்” என்பார் மேனேஜர் பாஸ்கரன். அதற்குள் ஓசூரில் ஒரு கம்பெனியின் சர்வரை நெட் திருடர்கள் பூட்டிவிட்டார்கள். பதினோரு நாள் ஃபேக்டரி மூடிக் கிடந்தது. அதைக் கேட்டதும் பாஸ்கரன் சார் இறங்கி வந்தார். ஜூன் ஒன்பதாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார். முப்பத்தெட்டில் முடித்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

முடித்த பிறகுதான் பார்த்தேன், அலாரம் புரோகிராம் திறக்கவில்லை. பழைய சரக்கு, புது அப்டேட்டோடு சேரவில்லை. செய்து கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால், ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அப்டேட்டைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் ஆறு மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டும். வெளியே நாற்பது லாரி. பாஸ்கரன் சாரிடம் சொல்லியிருந்தால் குளிர் அறையை மூடச் சொல்லியிருப்பார், அவர் நல்ல மனிதர். அதனால் சொல்லவில்லை.

திரை கறுப்பாகக் கிடந்தால் ஆட்கள் கலவரப்படுவார்கள். ட்ரெய்னிங்குக்காக அந்தத் திரையை எடுத்து வைத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஆறு கருவியும் பச்சையாக இருக்கும். அதைத் திரை முழுக்கப் போட்டுவிட்டேன். பத்து நாள்தானே. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சிவப்பு வந்ததில்லை. வராத ஒன்றுக்காக வந்து நிற்கிற லாரியைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

குளிர் அறைக்குப் பொறுப்பு கங்கப்பன். உள்ளூர்க்காரர், ஐம்பது வயது, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாலாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சாரு, அந்த நம்பருங்க அசையவே மாட்டேங்குது. முன்னெல்லாம் ரெண்டு, மூணுன்னு ஆடிக்கினே இருக்குமே.”

“புது அப்டேட்டுண்ணா. இனிமே அப்படித்தான் ஸ்டெடியா காட்டும்.”

தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து, இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே நம்பர்கள் தானாக மாறுகிற மாதிரி சின்னதாக ஒன்று எழுதிப் போட்டேன். மறுநாள் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “நீங்க பார்த்தா சரியா ஆயிடுது சாரு” என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாம் நாள், மதியம் மூன்றேகாலுக்கு, குளிர் அறைக்குள் வால்வு உடைந்தது. சைரன் ஊதவில்லை. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த நாலு பெண்களும் கங்கப்பனும் உள்ளே இருந்தார்கள். பெண்களில் காத்தூனின் முகம் மட்டும் எனக்குத் தெரியும், வேனில் முன் சீட்டில் உட்காரும். மற்ற மூவரின் பெயரைப் பிற்பாடு பேப்பரில்தான் பார்த்தேன். ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழையும் முன்பே படத்தையும் நான் எழுதியதையும் அழித்துவிட்டேன்.

இப்போது வந்திருக்கும் விசாரணை அறிக்கையில், வாசனை வந்தும் கங்கப்பன் ஆட்களை வெளியேற்றவில்லை, அவருடைய கவனக்குறைவு, என்று இருக்கிறது. அது தவறு. பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். இதை எழுதுவதால் யாரும் எழுந்து வரப்போவதில்லை. எனக்கும் ஒன்றும் ஆறப்போவதில்லை. என் மனைவி சரஸ்வதி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், அவளிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி எதுவும் சரியாகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வால்வு கசியத் தொடங்கி, உடைவதற்கு ஆறு நிமிடம் முன்பு கங்கப்பன் எனக்குப் போன் செய்தார். பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டார் என்று உங்களிடம் முதலில் சொல்லியிருந்தேன். அது பொய். அவர் கேட்டது இது:

“சாரு, கண்ணு எரியுது. வாசன ஜாஸ்தியா வருது. ஸ்கிரீன்ல பச்சையாத்தான் இருக்குது. பொண்ணுங்கள வெளிய அனுப்பிடட்டா?”

ஓடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் திரை பச்சையாக இருக்கும்போது ஓடச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். குளிர் அறை காலியானால் லைன் முழுக்க நிற்கும். அன்றைக்கு வாசலில் ஐம்பத்திரண்டு லாரி. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன் மேடம், எப்போதும் செய்கிற மாதிரி.

“பச்சைதானேண்ணா. வேலையப் பாருங்க” என்றேன்.

“சரிங்க சாரு” என்று போனை வைத்தார்.

அந்த ஒன்பது நாளும் என் சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.