ஒகினாவா பேப்பர்ல எனக்குத் தொண்ணூத்தேழு

...சன்னலோரம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு இன்னைக்கு வேடிக்கை பாக்குற மனசு இல்ல. எல்லாம் அந்தத் தீவுக்காரக பண்ணுன வேலை. எங்கனயோ கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு, கம்பத்துப் பக்கம் இருக்குற ஒரு மனுசன் வீட்டு அடுப்ப அணைச்சுப்புட்டாக.

ஒகினாவான்னு கேள்விப்பட்டிருக்கீகளா? ஜப்பானுக்குத் தெக்க, தனியாக் கெடக்குற தீவு. எம்பேரன் சுரேஷ்கண்ணன் அங்கனதான் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறான். ஊரு நல்ல ஊருதான், குத்தஞ் சொல்லப்படாது. கரும்பு வெளையுது, பப்பாளி காய்க்குது. பாவக்காயில முட்டைய ஊத்திக் கிண்டித் திங்கிறாக. அதுவும் சந்தோசமாத் திங்கிறாக, அதத்தான் என்னால நம்ப முடியல.

அங்கன தெருவுக்கு ஒரு சங்கம் இருக்கு தம்பி. மாசாமாசம் ஊருச் சேதிய அச்சடிச்சு வீட்டுக்கு வீடு போட்டுருவாக. யாரு வீட்டுல பிள்ள பொறந்துச்சு, புயல்ல யாரு கூரை பறந்துச்சு, வடம் இழுக்குற போட்டிக்கு என்னைக்குக் கூடணும்... எல்லாம் இருக்கும். ஞாயித்துக்கெழமையானா பேரன் போன்ல வாசிச்சுக் காட்டுவான். எங்க சுருளிப்பட்டித் தெருவுல கொழாய்த் தண்ணி எப்ப வரும்னு கேளுங்க, தெரியாது. ஒகினாவாவுல யாரு மாடு வேலியத் தாண்டுச்சுன்னு கேளுங்க, சொல்றேன்.

அந்தத் தெருவுல கமேன்னு ஒரு பெரியம்மா. அவுகளுக்குத் தொண்ணூத்தேழு வயசு. அங்கன தொண்ணூத்தேழு வந்துட்டா மனுசன் திரும்பப் பிள்ளையாயிட்டான்னு அர்த்தமாம். கையில கலர் காத்தாடி ஒண்ணக் குடுத்து, தெறந்த கார்ல உக்கார வச்சு ஊர்கோலம். சனமெல்லாம் ஓடியாந்து கையத் தொடுது. தொட்டா ஆயுசு கூடுமாம். பேரன் வீடியோவுல காட்டுனான். எனக்கு வயிறு எரிஞ்சுருச்சு தம்பி. வீரபாண்டித் திருவிழாவுல தேர் வடத்தப் பிடிச்சுத் தோளு தேஞ்சவன் நானு, என்னய ஒரு கட்டவண்டியில ஏத்திச் சுத்துனவன் உண்டா?

பேரன் போன நீட்டுனப்ப அந்தம்மாவே கேட்டாக, உங்களுக்கு எத்தன வயசுன்னு. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? நாக்கு இருக்குதே... எனக்கும் தொண்ணூத்தேழுதான்னேன். பேரன் சிரிச்சுக்கிட்டே அவுக பாசையில சொல்லிட்டான். வயச மட்டும் சொன்னா நம்புவாகளா? அதனால வெள்ளக்காரத் தொரை குதிரைக்கு நாந்தான் புல்லு அறுத்துப் போட்டேன், அந்தக் குதிரை காலையில என்னயப் பாத்ததும் குட்மார்னிங் சொல்லும்னு ஒரு பிட்டச் சேத்துவிட்டேன். எங்க திராட்சப் பந்தல் மேல ஏறி நின்னா வானம் தெளிஞ்ச நாள்ல உங்க தீவு தெரியும்னும் சொன்னேன். அந்தம்மா கையக் கையத் தட்டிச் சிரிச்சாக. மறு மாசம் பேப்பர்ல எம்போட்டோ. தொண்ணூத்தேழு, இந்தியான்னு போட்டு.

அதோட போயிருக்கும். எங்க ஊருல பிளக்ஸ் கடை வச்சிருக்கான் காமராஜ்னு ஒருத்தன், பேரனோட சேக்காளி. அவன் அந்தப் பேப்பர வாட்ஸ்அப்புல ஏத்திவிட்டான். ஒடனே சனம் வீட்டுக்கு வருது, கையத் தொடுது, என்ன சாப்புடுறீகன்னு கேக்குது. பரோட்டான்னு சொன்னா மூஞ்சி சுருங்குது. மொபெட் சாவிய மகன் ஒளிச்சு வச்சுட்டான், தொண்ணூத்தேழு வயசுல வண்டி எதுக்குங்கிறான். பெத்தவனுக்கு என்ன வயசுன்னு அவனுக்குமா தெரியாது?

சரி, இதெல்லாம் தாங்கிக்கலாம். எம்பொஞ்சாதி கஸ்தூரிக்கு எழுவத்தொண்ணு. ஒருத்தி வந்து, 'ஏன் ஆத்தா, நீங்க ரெண்டாந்தாரமா?'ன்னு கேட்டுப்புட்டா. அன்னையில இருந்து கொழம்புல உப்பு இல்ல.

நான் விட்டுருவனா? அவ மானத்தக் காப்பாத்தணும்ல? பேரனக் கூப்புட்டு, பாட்டிக்குத் தொண்ணூத்திமூணுன்னு அடுத்த பேப்பர்ல போடச் சொல்லிட்டேன். வாட்ஸ்அப்புலயும் சொல்லிட்டேன். வயசு பொருந்திருச்சா இல்லயா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கே பையத் தூக்கிக்கிட்டுத் தேவாரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா தம்பி. நெசமான வயசப் பேப்பர்ல போட்டாத்தான் வருவேன்னுட்டா.

போட்டுறலாம். அதுலயும் ஒரு சிக்கல். கமே அம்மா போன வாரம் சொல்லிவிட்டாக: எவ்வயசு, எஞ்சோட்டு ஆளுக யாரும் இப்ப இல்ல, கடலுக்கு அங்கிட்டு நீங்க ஒருத்தராச்சும் இருக்கீகளேன்னு. அதக் கேட்டப்புறம் எப்புடித் தம்பி எழுவத்தஞ்சுன்னு சொல்றது? தனியா விட்டுட்டு ஓடிவந்த மாதிரி இருக்காதா? இந்தப் பக்கம் இவ, அந்தப் பக்கம் அவுக. ரெண்டு நாளாத் தூக்கமில்ல. நெசமாத்தான், இதுல ஒண்ணும் சேக்கல.

...இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம்... பஸ்ஸுலதான்... கோம்பை தாண்டிருச்சு... யாரு, நீயா பேசுன? அந்தம்மாகிட்டயா?... பேரன் போன் போட்டுக் குடுத்தானா... சொல்லிட்டியா... எல்லாத்தயுமா? ம்... ம்... என்ன சொன்னாக?... ஓ... சரி வையி. கோழியா? சரி, வாரேன்.

கேட்டீகளா தம்பி. நேத்தே இவ கூப்புட்டு உண்மைய ஒடச்சுட்டா. அந்தம்மாவுக்கு மொத நாள்லயே தெரியுமாம். தெரிஞ்சேதான் பேப்பர்ல போடச் சொன்னாகளாம், படிக்கிறவுக சிரிக்கட்டும்னு. என்னய அவுக சோட்டு ஆளுன்னு சொன்னது மட்டும் நெசமாம், வயசு கொறஞ்சாலும் அத மாத்த மாட்டாகளாம். இப்ப ரெண்டு பேரும் சிநேகிதம் ஆயிட்டாக. ஞாயித்துக்கெழம இனிமே இவதான் பேசுவாளாம், நான் ஓரமா உக்காந்து கேக்கணுமாம். வீட்டுக்குள்ள நொழையும்போது மச்சான் முன்னாடி எழுவத்தஞ்சுன்னு சத்தமாச் சொன்னாத்தான் சோறாம். சொல்லிட்டுப் போறேன், கோழியாச்சே.

ஆனா எப்புடிக் கண்டுபிடிச்சாகங்கிறதுதான் எனக்குத் தாங்கல. குதிரையா இருக்கும், பந்தலா இருக்கும்னு நெனச்சேன். அது இல்லயாம். தொண்ணூத்தேழு வயசுன்னா பேச்சுக்கு நடுவுல கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கணும், இந்தாளு நிறுத்தவே இல்லயேன்னாகளாம்.

நான் நிறுத்தாமயா பேசுறேன்? நீங்க கம்பத்துல இருந்து பக்கத்துலதான இருக்கீக, நீங்க சொல்லுங்க... என்ன தம்பி, பையத் தூக்குறீக? இது பண்ணைப்புரம். தேவாரத்துக்குத்தான டிக்கெட்டு எடுத்தீக?... தம்பி...