கால் முறிந்தால் ஒரு சதமும் இல்லை

பண்டாரவளை ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பதுளைக் கடை முதலாளி தனக்கு முன்னால் நின்ற தேயிலைத் தோட்டத்துக் கங்காணியிடம் பெருமையாகச் சொன்னார்:

“மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுத்துட்டேன். என் கால் முறிஞ்சா ஒரு சதம் கிடையாது.”

“அப்புறம் எதுக்குங்க மொதலாளி?”

“ரெண்டு வகை இருக்கு கங்காணி. ஒண்ணு, வண்டி நொறுங்கினா நமக்குக் குடுக்கும். இன்னொண்ணு, நாம இடிச்சவங்களுக்குக் குடுக்கும். ரெண்டுக்கும் கட்டக் கையில காசு இல்ல. ரெண்டாவதை எடுத்தேன்.”

“தோட்டத்துத் துரைமாருங்க தங்களோட வண்டிக்குத்தானே எடுக்கிறாங்க?”

“மடுல்சீமை ரோட்டுல எனக்கு பிரேக் இருக்கு. கொழுந்துக் கூடைக் கயித்தைத் தலையில மாட்டிக்கிட்டுப் போற பொம்பளைங்களால திரும்பிக்கூடப் பாக்க முடியாதே.”

கங்காணி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நீங்க முன்னால போங்க” என்று ஒதுங்கினார்.