ஒண்ணாம் சேனல்

— கொஞ்சம் நில்லுங்க. உங்க கேமரா தலையில கறுப்பா ஒண்ணு மாட்டியிருக்கே, அது என்ன?

— இதுங்களா மேடம்? ட்ரிகருங்க. பிளாஷைத் தூரத்துல ஸ்டாண்டுல வெச்சுட்டு இங்கேர்ந்தே அடிக்கிறதுக்கு. உங்களுக்குத் தெரியாததா.

— தெரியும். அதுல லைட் மினுக்குது. ஆன்லயா இருக்கு?

— காலையிலேர்ந்து ஆன்லதாங்க இருக்கு.

— அப்ப உங்க பிளாஷ் எங்க?

— பையில கெடக்குங்க. நேத்து பேட்டரி வீங்கிப்போச்சு. ட்ரிகரை மட்டும் கழட்டாம விட்டுட்டேன். தலையில இருந்தா கொஞ்சம் கெத்தா இருக்கும்னுதான், சத்தியமா.

— எந்தச் சேனல்?

— அதெல்லாம் நான் தொட்டதே இல்லீங்க. கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு.

— காட்டுங்க. ஒண்ணு. கடவுளே, ஒண்ணு லா.

— என்னங்க மேடம், மூஞ்சியே வெளுத்துப்போச்சு. இந்தப் படியில உக்காருங்க. இருங்க, செருப்பையெல்லாம் தள்ளி வெக்கிறேன். உள்ள பந்தி போட்டாச்சு, சாப்பிட்டீங்களா?

— சாப்பாடு கிடக்கட்டும். நான் நிரஞ்சனா, பொண்ணு வீட்டு போட்டோகிராபர். நீங்க மாப்பிள்ளை வீட்டுக்கு எடுக்கிறீங்க, இல்லையா?

— ஆமாங்க. சின்னராசு. மாப்பிள்ளை சுரேந்தர் சார் எங்க ஷிப்யார்டுல சேஃப்டி ஆபீசர், நான் வெல்டர். ஞாயித்துக்கெழமைதானே, வந்து நாலு படம் எடுடா ராசுன்னாரு.

— சின்னராசு, கேளுங்க. என்னோட ரெண்டு பிளாஷும் ஒண்ணாம் சேனல்ல இருக்கு. உங்க ட்ரிகரும் ஒண்ணு, அதே கம்பெனி. ஒயர் கிடையாது, எல்லாம் ரேடியோ. பிளாஷுக்கு முதலாளி யாருன்னு தெரியாது, அந்த நம்பர்ல யார் கூப்பிட்டாலும் அடிச்சிடும். காலையிலேர்ந்து நீங்க அமுக்கினப்ப எல்லாம் என் பிளாஷ்தான் அடிச்சிருக்கு.

— அதானா அந்த வெளிச்சம்.

— எந்த வெளிச்சம்?

— நான் எடுக்கிற நேரம் பார்த்துப் பளிச்சு பளிச்சுன்னு வந்துச்சுங்க மேடம். என் கிட்ட பிளாஷ் இல்லைன்னு பார்த்துட்டு நீங்கதான் எனக்கும் சேத்து அடிக்கிறீங்கன்னு நெனச்சேன். மனசுக்குள்ள உங்களுக்கு நன்றிகூட சொன்னேன், சத்தியமா.

— நானும் பார்த்தேன். நான் தொடாமலே அது தன்னால அடிக்குது. பேட்டரி கனெக்‌ஷன் லூஸ்னு நெனச்சேன். ஐயர் மந்திரத்தை எக்ஸ்பிரஸ் வேகத்துல ஓட்டுறார், இறங்கிப் போய்ப் பார்க்க எனக்கு டைம் ஏது? கெட்டிமேளம் ஆரம்பிச்சதும் நீங்க எத்தனை ஷாட் எடுத்தீங்க?

— பட்டன்லேர்ந்து வெரலை எடுக்கவே இல்லீங்க. தொடர்ந்து படபடன்னு...

— ஃபுல் பவர்ல ஒரு தடவை அடிச்சா, மறுபடி சார்ஜ் ஏற மூணு செகண்ட் ஆகும். நீங்க அடிச்சுக் காலி பண்ணி வெச்ச பிளாஷை நான் கூப்பிட்டிருக்கேன். எப்படி வரும்? இந்தா பாருங்க. தாலி கட்டுற நேரம், ஏழு படம். ஏழும் கறுப்பு.

— ஐயையோ. இதை கம்ப்யூட்டர்ல போட்டு வெளிச்சம் ஏத்த முடியாதுங்களா?

— லேப்டாப்ல ஏத்திப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி வருது. பொண்ணு எது, மாப்பிள்ளை எதுன்னே தெரியல. மண்டபம் இருட்டு, அந்த ரெண்டு பிளாஷை நம்பித்தான் எல்லாத்தையும் செட் பண்ணியிருந்தேன்.

— மேடம், நான் வேணும்னு செய்யலீங்க. உங்க கால்ல வேணாலும் விழுறேன்.

— சேச்சே, என்ன பேச்சு இது? எழுந்திரிங்க. தப்பு என்னுது.

— உங்களுது எப்படிங்க?

— ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு போட்டோகிராபர் வந்தா, காலையில கை குலுக்கினதும் முதல்ல கேக்கிறதே சேனல்தான். நான் நாலு வெச்சுக்கிறேன், நீங்க ஏழு வெச்சுக்குங்கன்னு பிரிச்சுப்போம். பத்து வருஷமா அப்படித்தான். இன்னிக்கு உங்க கிட்ட வந்து கேக்கல.

— ஏங்க கேக்கல?

— உங்க கிட்ட ஸ்டாண்ட் இல்ல, லைட் இல்ல. வேலையாளுங்க தங்குற டார்மிட்டரியிலேர்ந்து யாரோ ஆசைக்கு கேமராவைத் தூக்கிட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு குட் மார்னிங்கூட சொல்லல.

— நான் சொன்னேனுங்க மேடம். மேளச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல போல.

— கேட்டுச்சு சின்னராசு.

— சரி விடுங்க. அதுக்கென்ன இப்ப.

— சுஷ்மிதா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? சாயங்காலம் ஆறு மணிக்கு புக்கிட் பாஞ்சாங்ல ரிசப்ஷன். தாலி கட்டுற படம் வாசல்ல நாலடி உயரத்துக்கு நிக்கணும். கல்யாணப் பொண்ணு என் கிட்ட கேட்டதே அந்த ஒண்ணுதான். தேக்காவுல பிரிண்ட் கடை நசீர் பாய் எனக்காக இன்னிக்குக் கடையைத் திறந்து வெச்சிருக்கார். ரெண்டு மணிக்குள்ள படம் அவர் கைக்குப் போகணும்.

— வீடியோக்காரர் கிட்ட இருக்குமேங்க?

— கேட்டேன். அவர் நின்ன பக்கம் அட்சதை போடறவங்க கைதான் தெரியுது. ஃபோன்ல எடுத்தவங்க எல்லார் கிட்டயும் போய்க் கெஞ்சிட்டேன். முன்னாடி நின்ன ஒரு அங்கிளோட முதுகை இருபது ஆங்கிள்ல வெச்சிருக்காங்க. நீங்க பொண்ணுக்குப் பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாடிதானே நின்னீங்க? என் வெளிச்சம் அத்தனையும் உங்க கிட்டதான் வந்திருக்கு. காட்டுங்க.

— இல்லீங்க மேடம்.

— என்ன இல்ல?

— படம் இல்லீங்க. அந்த நேரத்துக்குச் சரியா விழல.

— பொய்.

— இல்லீங்க...

— வாய்க்கு வாய் சத்தியமான்னு சொல்வீங்க. இப்ப மட்டும் அது வரல.

— ஒண்ணு இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு. முன்னயும் பின்னயும் எல்லாம் இருட்டு. ஆனா மேடம், அதை அழிச்சுடலாம்னுதான் பந்தியை விட்டுட்டு இங்க வந்து நின்னேன்.

— பைத்தியமா உங்களுக்கு? குடுங்க. அடப்பாவி, எவ்ளோ அழகா வந்திருக்கு. மாப்பிள்ளை நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிருக்கார், சுஷ்மிதா கண்ணை மூடியிருக்கா, அட்சதை அப்படியே அந்தரத்துல நிக்குது. இதைப் போய் அழிப்பாங்களா?

— மாப்பிள்ளையைப் பார்க்காதீங்க. கழுத்துக்குப் பின்னாடி முடிச்சுப் போடுற கையைப் பாருங்க. பெருசாக்கிப் பாருங்க.

— நாத்தனார் கை. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மத்த ரெண்டும் அவரோட அக்காவோ தங்கச்சியோ போடறதுதானே வழக்கம்?

— அது வித்யா அக்காங்க, மாப்பிள்ளையோட சொந்த அக்கா. அவங்களுக்கு டிவோர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் அவங்க வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டப் போயிருந்தேன். சொந்தக்காரங்க அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க, அவங்க அம்மா பாப்பம்மாள் எல்லார் முன்னாடியும் சொல்றாங்க, வித்யா கை தாலியில படக் கூடாது, சித்தப்பா பொண்ணு முடிச்சுப் போடட்டும்னு. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெத்தலையைத் தொடைச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. வெளியாளு நான் என்ன பேசறது?

— அப்புறம் இவங்க எப்படி மேடையில?

— ஆசை தாங்காம எப்படியோ உள்ள நுழைஞ்சிருக்காங்க. இப்ப அந்த மணிக்கட்டைப் பாருங்க.

— யாரோ புடிச்சிருக்காங்க. பச்சைக்கல் வளையல் போட்ட கை.

— வித்யா அக்காவோட அம்மா வளையலுங்க அது. காலையில என்னை வாசல்ல சந்தனம் குடுத்துக் கூப்பிட்டதே அந்தக் கைதான்.

— கடவுளே. தாலி ஏறுற நேரத்துல பெத்த பொண்ணு கையைப் புடிச்சு இழுத்து விடுறாங்களா?

— நரம்பு பொடைச்சிருக்கு பாருங்க. அவ்வளவு பலமா இழுக்கிறாங்க. வித்யா அக்கா கண்ணைப் பாருங்க, அழுகை முட்டிக்கிட்டு நிக்குது. என்னால அதுக்கு மேல பார்க்க முடியல.

— இந்தாங்க, கேமராவை நீங்களே புடிங்க. இதை நாலடிக்கு பிரிண்ட் பண்ணி வாசல்ல வெச்சா...

— முந்நூறு பேர் பார்ப்பாங்க. ஒரு பொம்பளையை இப்படி நிக்க வெக்கலாமா மேடம்?

— அந்தக் கையை மட்டும் வெட்டிட்டா?

— வெட்டலாமுங்களா?

— முடியாது. அதை வெட்டினா முடிச்சும் சேர்ந்து போயிடும். வேணாம். சுஷ்மிதா கிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன், தாலிப் படம் இல்ல, என் தப்புன்னு.

— உங்க பேரு கெட்டுப்போயிடுமே.

— கெடட்டும். தாலி கட்டுறதை விட்டவள்னு ஒரு வாரத்துல ஊர் முழுக்க, தஞ்சோங் பகார் வரைக்கும் பேசுவாங்க. அதுக்கு மேல எவ என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறா? பயமாத்தான் இருக்கு சின்னராசு, மறைக்கல. ஆனா இந்தப் படத்தைக் காட்டிப் பொழைக்க வேணாம். அழிச்சிடுங்க.

— அழிச்சிடட்டுங்களா?

— அழிங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள.

— எதை ராசு அழிக்கப் போற?

— வித்யா அக்கா... ஒண்ணுமில்லீங்க அக்கா. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.

— உள்ள பாயசம் ஊத்திட்டு இருக்காங்க, போட்டோ எடுத்தவங்க ரெண்டு பேரும் செருப்பு கிட்ட குந்தியிருக்கீங்க. அலாமாக், என்ன மூஞ்சி இது? கேமராவைக் குடு, பார்க்கலாம்.

— வேணாங்க அக்கா. பார்த்தா கஷ்டமா இருக்கும்.

— குடுன்னா குடு லா.

— வித்யா, நான் நிரஞ்சனா. உங்களை எனக்குப் பழக்கம் இல்ல, இருந்தாலும் சொல்றேன், இது வேற யார் கண்ணுலயும் படாது. நாங்க அழிச்சிடுறோம். நீங்க அழாதீங்க.

— இதை எடுத்தது யாரு?

— நான்தாங்க அக்கா. வெளிச்சம் மேடத்துது.

— இது ஒண்ணுதான் இருக்கா?

— தாலி கட்டினதுக்கு இந்த மண்டபத்துல இருக்கிற ஒரே படம் அதுதான், வித்யா. ரிசப்ஷன் வாசலுக்குக் கேட்டிருந்தாங்க. நான் இல்லைன்னு சொல்லிடுறேன்.

— இருக்கிறப்ப ஏன் சிஸ்டர் இல்லைன்னு சொல்லணும்? இதையே வைங்க.

— அக்கா, என்ன சொல்றீங்க? உங்கம்மா கையைப் புடிச்சு இழுத்து வெளிய விடுறது அப்படியே விழுந்திருக்கு. ஊரே பார்க்குமே.

— வெளிய விடுறாங்களா? நீ எங்க நின்ன ராசு? நான் எங்க நின்னேன்னு பார்த்தியா?

— கடைசியா அந்தப் பின்னாடித் தூண் கிட்ட பார்த்தேனுங்க.

— அங்கதான் நின்னேன். மேடைப் பக்கமே போகல. கெட்டிமேளம் கேட்டதும் என் தம்பிக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும்னு கண்ணை மூடிக்கிட்டேன். அப்பதான் யாரோ மணிக்கட்டைப் புடிச்சாங்க, எலும்பு நொறுங்குற மாதிரி.

— உங்க அம்மா?

— அம்மாதான். இந்தா பாருங்க சிஸ்டர், வளையல் பதிஞ்சது இன்னும் செவந்து கிடக்கு. மேடைக்கு இழுத்துட்டுப் போனாங்க. சித்தப்பா பொண்ணை இடிச்சுத் தள்ளிட்டு, கயித்தை என் வெரல்ல திணிச்சு, ‘நீ போடுடி, எவளும் பாக்கிறதுக்குள்ள சீக்கிரம் போடு’ன்னாங்க.