நெட்டுவாக்கில் நின்ற நிழல்

பெரியோர்களே, தாய்மார்களே, தென்காசி வட்டாரத்துப் புகைப்படக் கலைஞர்களே! வாழ்த்துரையைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, உங்களுக்கு ஒரு குட்டிச் சம்பவம் சொல்லுதேன். மைக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணுதேன்... இதை உங்கள்ல ஒருத்தர்கூட நம்பப் போறதில்லை.

இன்னைக்கு ஸ்டுடியோ திறக்காளே என் அக்கா மகள் முப்பிடாதி, இவளுக்கு வந்த முதல் கல்யாண ஆர்டர், இந்தா முன்வரிசையில இருக்காரே சுடலைமுத்து அண்ணாச்சி, அவரு வீட்டுது. முதல்ல நிச்சயதார்த்தம். பொண்ணு மாப்பிள்ளையை வெள்ளைச் சுவர் முன்னால நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை விழணுமேன்னு கேமராவை நெட்டுவாக்குல திருப்பினா. கேமரா திரும்பினா, மேல இருந்த ஃபிளாஷ் என்ன ஆகும்? அதுவும் சாஞ்சு பக்கவாட்டுக்குப் போயிரும். போச்சு! மாப்பிள்ளையோட நிழல் பொண்ணுக்குப் பக்கத்துல, சுவர்ல கன்னங்கரேர்னு எந்திரிச்சு நின்னுச்சு.

எப்பேர்ப்பட்ட நிழல்? ஃபிளாஷ் அணைஞ்ச பிறகும் போகலைய்யா! நேரா பந்தியில போய் உக்காந்துச்சு. இலை போட்டாச்சு. அவியலை மறுபடியும் கேட்டு வாங்கிச்சு! "மாப்பிள்ளைக்கு அண்ணனா? பொண்ணு பாத்தாச்சா?"ன்னு ஒரு சித்தி விசாரிக்கா...

படத்தைப் பாத்தாரு அண்ணாச்சி.

"ஏ தாயி, எம் மவ பக்கத்துல எவன் நிக்கான்?"

"அது நிழலு, ஐயா."

"நிழலுக்கா நான் பொண்ணு குடுக்கேன்? நலுங்குக்கும் இவன் வந்தாம்னா, கல்யாணத்துக்கு நான் வேற கேமராக்காரனைப் பாத்துக்கிடுதேன்."

'பொட்டப்புள்ளைக்குக் கேமரா எதுக்கு?'ன்னு ஏற்கெனவே மூக்கைச் சுளிச்ச ஊரு. முதல் ஆர்டரே கைவிட்டுப் போனா, அடுத்து எவன் கூப்பிடுவான்?

ஃபிளாஷைத் தாங்குற பிராக்கெட் வாங்கக் கடைக்குப் போனோம். நான் ஒண்ணை எடுத்தேன்... எடுத்தேனா? கோயில் தேருய்யா அது! வடம் பிடிச்சாத்தான் நகரும். "மருமவளே, இதோட நீ மண்டபத்துல நுழைஞ்சா மேளக்காரரே எந்திரிச்சு நிப்பாரு!"

"அவரு உக்காந்தே வாசிக்கட்டும் மாமா. நீங்க அந்தச் சுவரு முன்னால நில்லுங்க."

"நான் எதுக்கு?"

"உங்க மூக்கு நிழலையே அடக்கிட்டா, எந்த மாப்பிள்ளை நிழலையும் அடக்கிரலாம்."

நின்னேன். தேரை நெட்டுவாக்குல திருப்பினா. பளிச்! என் மூக்கு நிழல் சுவர்ல ஏறி, கடையைத் தாண்டி, குத்தாலத்துல குளிச்சுட்டு ஈரத்தோட திரும்பி வந்துச்சு. அடுத்தது... பளிச்! மூக்கு. அதுக்கடுத்தது... பளிச்! மூக்கு! கடைசியா ஒண்ணு. ஒல்லி, பாக்கச் சகிக்கலை. கேமராவைத் திருப்பினா, ஃபிளாஷ் இருக்கிற கையை ஒரு மடக்கு மடக்கினா... அது லென்ஸுக்கு நேர் மேலேயே வந்து உக்காந்துச்சு. பளிச்! சுவர் சுத்தம். நிழல் என் முதுகுக்குப் பின்னால இறங்கி ஒளிஞ்சுக்கிட்டு.

"இதான் மாமா."

"நோஞ்சானால்லா இருக்கு?"

"பாக்கவா வாங்குதோம்? திருப்பத்தான வாங்குதோம்."

எப்படி? எங்க குடும்பத்து மூளைய்யா அது! எனக்கு வர வேண்டியது, வழியில அவகிட்ட இறங்கிட்டு.

நலுங்குல எடுத்தா. மேல கீழ, கிழக்க மேக்க... தேடிப் பாத்தாலும் நிழல் இல்லை. அது பந்தியில எடம் கிடைக்காம மதுரை பஸ் ஏறிட்டதாத் தகவல். கல்யாண ஆர்டர் யாருக்கு? சத்தமாச் சொல்லுங்க... யாருக்கு? என் மருமவளுக்கு!

இதை ஏன் சொல்லுதேன்? வாழ்க்கை உங்களையும் திருப்பும். படிப்பு ஒரு பக்கம் திருப்பும், பிழைப்பு ஒரு பக்கம் திருப்பும். திரும்ப மாட்டேன்னு நிக்க முடியுமா? திரும்புங்க! ஆனா உங்க வெளிச்சத்தைச் சாய விட்டுராதீங்க. சும்மா நிக்கும்போது கம்பீரமா இருக்கிறதைத் தேடாதீங்க. நீங்க திரும்பும்போது கூடவே திரும்பி, மறுபடியும் தலைக்கு மேல வந்து நிக்குதே... அதைத் தேடுங்க. அது பிராக்கெட்டோ, கூட்டாளியோ, கட்டிக்கப்போறவரோ!

சரி, அண்ணாச்சி முறைக்காரு. ஒத்துக்கிடுதேன். நிழலுக்கு இலை போட்டது பொய். குத்தாலத்துல குளிச்சது பொய். மதுரை பஸ்ஸும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்... அந்த நலுங்குப் படத்தைக் கையில வாங்கின அண்ணாச்சி, மகள் பக்கத்துல இருந்த வெறும் சுவரை விரலால தடவிப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு: "தாயி... கல்யாணத்துக்கு எப்ப வருவ?"