வெர்லா ஹக்கலா ஊற்றாத தேநீர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் முதியோர் இல்லத்தின் மேலாளர் திருமதி ஓட்ரி பிளெட்சுக் அவர்களே, வெர்லாவின் அண்ணன் திரு. ரைனோ ஹக்கலா அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனோடு வந்து நிற்கும் சமையலறைத் தோழர்களே, சக்கர நாற்காலிகளால் முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியவர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் டெஸ்ஸா நார்ட்லண்ட். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. சனிக்கிழமைகளில் இங்கே தொண்டு செய்பவள். வெர்லாவை நினைவுகூர்ந்து பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தின் அருமை வெர்லாவுக்குத் தெரியும். இதோ, முட்டை வேகும் நேரம் பார்க்க அவர் வைத்திருந்த கோழி வடிவக் கடிகாரத்தை ஐந்து நிமிடத்துக்கு முடுக்கி இந்த மேசையில் வைத்திருக்கிறேன்.

செவிலியர் படிப்பில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. கணினியில் ஒரு சங்கடமான சூழ்நிலையைக் காட்டுவார்கள். 'நீ என்ன செய்வாய், ஏன்?' என்று கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். நம் முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்து, நாம் எப்படிப்பட்டவர் என்று தீர்மானிப்பார். அந்தத் தேர்வுக்கு இந்த உணவுக்கூடத்தில்தான் பயிற்சி செய்தோம். பள்ளி மாணவிகள் நான்கு பேர். ஐந்தாவது ஆள், நாற்பத்தாறு வயதில் நான்காவது முறையாகத் தேர்வெழுதிய, இங்கே தேநீர் வண்டி தள்ளிய வெர்லா!

ஒருநாள், வேலைக்குக் குடித்துவிட்டு வந்த சக ஊழியரைப் பற்றிய கேள்வி. நாங்கள் நால்வரும், 'தனியே அழைத்து, குறை கூறாமல், அவர் தரப்பையும் கேட்டு' என்று பக்கம் பக்கமாகத் தட்டினோம். இரண்டு விரலால் தட்டிய வெர்லா மூன்றே வரி எழுதியிருந்தார்: "கார் சாவியப் புடுங்குவேன். சூப்பு குடுப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா போய் மேனேஜர்கிட்ட சொல்லுவோம்."

"இப்படியெல்லாம் எழுதக் கூடாது வெர்லா. படிக்கிறவங்க என்ன எதிர்பார்க்கிறாங்களோ அதை எழுதுங்க" என்றேன்.

"அப்ப நான் யாருன்னு அவங்களுக்கு எப்படிடி தெரியும்?"

"தெரிய வேணாம். மார்க் வந்தா போதும்."

"அது சரி. வாயத் தொறந்தா உனக்கு மார்க்கு, எனக்கு சூப்பு" என்று சிரித்தார். மூன்று முறை தோற்றவர் சிரித்த சிரிப்பு அது! நான்காவது முறை அவர் தன் மூன்று வரிகளையே எழுதினார். தேர்வெழுதியவர்களில் முதல் கால்பங்குக்குள் வந்தார். நானும் வந்தேன்.

இனிச் சொல்லப்போவதை என் அம்மாவும் இப்போதுதான் கேட்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டு வந்த தாள் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. விழுங்கச் சிரமப்படும் திரு. தொர்ரெல்லிக்கு, மாவு கலந்து கெட்டியாக்கிய தேநீர்தான் கொடுக்க வேண்டும். அதற்கு அடையாளமாக அவர் தட்டில் நீல வில்லை ஒட்டியிருக்கும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. "இது டீயா, சுவத்துக்கு அடிக்கிற பசையா? ஒரே ஒரு வாய் நெஜ டீ குடு கண்ணு" என்று அவர் கெஞ்சினார். வெர்லா தட்டுகளை எடுக்க உள்ளே போயிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெறும் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன்.

நான்! வெர்லா அல்ல, நான்!

அவருக்குப் புரை ஏறியது. நுரையீரலில் சளி கட்டி, ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அன்றைய தேநீர் வண்டிக்கான பொறுப்புச் சீட்டில் வெர்லாவின் கையெழுத்து இருந்தது. அதனால் எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோப்புக்குப் போனது. திரு. தொர்ரெல்லியிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

வெர்லா ஊகித்துவிட்டார். பாத்திர அறையில் என்னை நிறுத்தி, "நீதானே?" என்றார். நான் அழுதேன்.

"அழுது முடி. அப்புறம் போய்ச் சொல்லு."

"என் காலேஜ் சீட்டு போயிடும் வெர்லா."

"போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் போய்ச் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் பதில். சீக்கிரம் சொல்லிடு பொண்ணே, எனக்கும் அந்தம்மா லெட்டர் வேணும்."

கல்லூரி கேட்கும் பரிந்துரைக் கடிதத்தைத்தான் அவர் சொன்னார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கையைக் காட்டி, திருமதி பிளெட்சுக் வெர்லாவுக்குக் கடிதம் தர மறுத்தார். அதே வாரம் எனக்கு எழுதிக் கொடுத்தார். 'நம்பத்தகுந்தவள்' என்று அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் வெர்லாவுக்குக் கடந்துபோனது. அதன் பிறகும், இன்னும் தேர்வெழுதாத மற்ற மூவருக்காகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, இந்தக் கோழியை முடுக்கி எங்கள் முன்னால் வைத்தார். மணி அடித்ததும் என்னைப் பார்த்து மட்டும் கேட்பார்: "என்ன டெஸ், எழுதி முடிச்சுட்டியா?" மற்ற மாணவிகள் பயிற்சிப் பதிலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தார்கள்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி வாசலில் குவிந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவருடைய இதயம் நின்றது. செய்தி வந்தபோது என் கையில் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் இருந்தது.

இப்படிப்பட்ட சூழ்நிலைகளுக்கு எத்தனை அழகான பதில் எழுதியிருக்கிறேன்! எத்தனை முறை 'பொறுப்பேற்பேன்' என்று தட்டியிருக்கிறேன்! வெர்லா உயிரோடிருந்தபோது அந்த ஒரு வார்த்தையை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லையே!

திரு. தொர்ரெல்லி அவர்களே, என்னை மன்னியுங்கள். திரு. ரைனோ அவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வார்த்தை இல்லை. திருமதி பிளெட்சுக் அவர்களே, அந்த எச்சரிக்கைக் கடிதத்தை வெர்லாவின் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுத மறுத்த பரிந்துரையை இப்போதாவது எழுதி அவர் அண்ணன் கையில் கொடுங்கள். அது எந்தக் கல்லூரிக்கும் போகாது. ஆனாலும் எழுதுங்கள். நடந்ததைச் சொல்லிக் கல்லூரிக்கு நான் எழுதிய கடிதம் இந்த உறையில் இருக்கிறது. உங்கள் முன்னால் இதை ஒட்டுகிறேன். அவர்கள் என்ன முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

வரும் சனிக்கிழமையும் இங்கே பயிற்சி நடக்கும். நான் தேர்வு பெற்றவளாக வரமாட்டேன். கோழியை முடுக்குபவளாக வருவேன், நீங்கள் அனுமதித்தால். முதல் கேள்வி நீல வில்லை ஒட்டிய தட்டைப் பற்றியது. மூன்று வரியில் பதில் எழுதுபவரை யாரும் திருத்த விடமாட்டேன்.

இதோ, கோழி அடிக்கிறது.

எழுதி முடிச்சுட்டேன் வெர்லா.